கண்ணாடி அறையும் காத்திருக்கும் நிலமும்

பெங்களூரில் பேடல் ஆட எங்கே இடம் என்று கேட்டால், கைப்பேசியில் உள்ள முன்பதிவுச் செயலி வரிசையாகப் பெயர்களைக் காட்டிவிடுகிறது. ஆய்வு மாணவர் ஒருவர் வேலை நாளில் மாலை ஆறு மணிக்கு ஆய்வகத்திலிருந்து புறப்பட்டு, ஒரு மணி நேரம் ஆடி, விடுதி உணவகம் மூடுவதற்குள் திரும்பக்கூடிய இடங்கள் அவற்றுள் எத்தனை என்று எண்ணத் தொடங்கினால் அந்த வரிசை விரைவாகச் சுருங்குகிறது. இச்சுருக்கத்தின் காரணத்தை நகரத்தின் நிலத்தில்தான் தேட வேண்டும்.

பேடல் சிறிய நிலத்துக்கென்றே பிறந்த விளையாட்டு. 1969ஆம் ஆண்டு மெக்சிகோவின் அகாபுல்கோ நகரில் என்ரிக்கே கோர்குவேரா என்பவர் தம் வீட்டிலேயே முதல் ஆடுகளத்தை அமைத்தார். டென்னிஸ் களத்துக்கு இடம் போதாமையால் சுவர்களையும் ஆட்டத்துக்குள் சேர்த்துக்கொண்டார் என்று சொல்லப்படுகிறது. அவருடைய நண்பர் அல்போன்சோ தெ ஹோஹென்லோகே 1974இல் அதை ஸ்பெயினின் மார்பெய்யாவுக்குக் கொண்டுசென்றார். அங்கிருந்து அர்ஜென்டினாவுக்கும் பின்னர் ஐரோப்பா முழுவதற்கும் அது பரவியது.

களத்தின் நீளம் 20 மீட்டர், அகலம் 10 மீட்டர். பின்புறம் கண்ணாடிச் சுவர், அதன் மேலும் பக்கவாட்டிலும் கம்பி வலை. மட்டையில் நரம்பு கிடையாது. துளையிட்ட திடமான பலகை. பந்தை ஒருமுறை தரையில் தட்டி, இடுப்பு உயரத்துக்கு மேற்படாமல் அடித்து ஆட்டத்தைத் தொடங்க வேண்டும். தரையில் ஒருமுறை பட்ட பந்து பின்சுவரில் மோதித் திரும்பினாலும் ஆட்டம் தொடரும். ஆகவே தோள் வலிமையைவிடப் பொறுமைக்கு இங்கே மதிப்பு அதிகம். முன்பின் மட்டை பிடிக்காதவரும் முதல் நாளிலேயே நாலைந்து அடிகள் தொடர்ந்து ஆடிவிட முடிவதால்தான் இது வேகமாகப் பரவுகிறது.

டென்னிஸ் களத்துக்குச் சுற்றிலும் ஓடுவதற்கான இடத்தைச் சேர்த்தால் ஏறத்தாழ 670 சதுர மீட்டர் தேவை. பேடலுக்கு 200 சதுர மீட்டர் போதும். அதில் நால்வர் ஆடலாம். இந்தக் கணக்கின்படி நெரிசல் மிக்க நகர நடுவில்தான் பேடல் களங்கள் பெருகியிருக்க வேண்டும். பெங்களூரிலோ, ஒயிட்ஃபீல்டு, சர்ஜாப்பூர் சாலை போன்ற விளிம்புப் பகுதிகளை நோக்கியே தேடல் பெரும்பாலும் செல்கிறது.

களத்தின் கட்டுமானமே இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. எஃகுச் சட்டங்கள், கடினப்படுத்திய கண்ணாடிப் பலகைகள், செயற்கைப் புல் விரிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்ததே பேடல் களம். இதைத் திருகாணி கழற்றிப் பிரித்து வேறிடத்தில் நிறுவிவிடலாம். அடுக்ககம் எழும்ப வேண்டிய மனையில் அனுமதியோ முதலீடோ விலையோ கூடிவரும்வரை சில ஆண்டுகள் சும்மா கிடக்கும் நிலத்துக்கு இதைவிடப் பொருத்தமான குத்தகைதாரர் இல்லை. இதே நிலங்களில்தான் இதற்கு முன்பு பாக்ஸ் கிரிக்கெட் டர்ஃப்கள் வந்தன. ஆகவே ஒரு நகரத்தின் பேடல் களங்களை வரைபடத்தில் குறித்தால், நல்ல விலைக்காகக் காத்திருக்கும் நிலங்களின் வரைபடமும் ஓரளவு கிடைத்துவிடும். அந்த விலை வந்ததும் களம் இடம்பெயரும். அங்கே பழகிய நால்வர் மறுபடி செயலியைத் திறக்க வேண்டும்.

ஆடுபவருக்கு இதன் செலவு வாடகையோடு முடிவதில்லை. களத்தின் வாடகை மணிக்கு 1,600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் தலைக்கு 400. வாரம் ஒருமுறை ஆடினால் மாதத்துக்கு 1,600. இளநிலை ஆய்வு உதவித்தொகையாக மாதம் 37,000 ரூபாய் பெறுபவருக்கு இது எட்டக்கூடிய தொகையே. மத்தியப் பல்கலைக்கழகத்தில் நெட் அல்லாத உதவித்தொகை 8,000 ரூபாயில் முனைவர் பட்ட ஆய்வை நடத்துபவருக்கு அது வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு. இதில் வாடகைக் காருக்கான பணம் சேரவில்லை. 2023 அக்டோபர் முதல் மெட்ரோவின் ஊதா வழித்தடம் ஒயிட்ஃபீல்டுவரை முழுமையாக ஓடுகிறது. நிலையத்திலிருந்து நடந்து போகும் தொலைவில் களம் இருந்தால்தான் அந்த வசதி பயன்படும். மேலும், நால்வர் கூடினால்தான் ஆட்டம். ஒருவர் வராவிட்டால் மூவரின் பணமும் மாலைப் பொழுதும் வீண்.

ஸ்பெயினில் இந்த விளையாட்டு செல்வர்களின் கடற்கரை விடுதியில் தொடங்கினாலும் அங்கேயே தங்கிவிடவில்லை. நகராட்சி விளையாட்டு வளாகங்களிலும் குடியிருப்புகளின் பொது முற்றங்களிலும் களங்கள் எழுந்ததனால்தான் அது மக்கள் விளையாட்டாயிற்று. தனியார் முதலீட்டை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்வீடன் சான்று. பெருந்தொற்றுக் காலத்தில் அங்கே உள்ளரங்குகள் தேவைக்கு மேல் பெருகின. அடுத்த சில ஆண்டுகளிலேயே பல நிறுவனங்கள் திவாலாயின.

பெங்களூரில் பொது நிலம் இல்லாமல் இல்லை. பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் காக்க 1985ஆம் ஆண்டின் கர்நாடகச் சட்டம் இருக்கிறது. பெங்களூர் வளர்ச்சிக் கழகம் தன் குடியிருப்பு மனைப்பிரிவுகளில் பொது வசதிகளுக்கென்று தனி மனைகளை ஒதுக்குகிறது. ஆனால் சிறுவர்கள் கட்டணமின்றிக் கிரிக்கெட் ஆடும் திடலில் கண்ணாடிக் கூண்டை நிறுத்தி மணிக்கணக்கில் வாடகை வாங்குவது பொதுநலமாகாது. பந்து கெட்டியான மட்டையிலும் கண்ணாடியிலும் மோதும் ஓசை குடியிருப்போருக்குத் தொல்லை என்று ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் வழக்குகள் எழுந்துள்ளன. எனவே பொது நிலத்தில் பேடல் வருமானால் அது எந்தத் திடலையும் விழுங்காமல், வீடுகளிலிருந்து விலகி, பகலில் சில மணி நேரமாவது கட்டணமின்றித் திறந்திருக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் பொருத்தமான இடம் ஒன்று உண்டு: பல்கலைக்கழக, ஆய்வு நிறுவன வளாகங்கள். வலை கிழிந்து, விரிசலில் புல் முளைத்துக் கிடக்கும் டென்னிஸ் களங்கள் நாட்டின் எத்தனையோ வளாகங்களில் உள்ளன. விடுதியில் நால்வரைத் திரட்டுவது கடினமன்று; போக்குவரத்துச் செலவும் இல்லை. நிலம் விலைக்காகக் காத்திருப்பதும் இல்லை.

அதுவரை தேடுபவர்கள் சிலவற்றைக் கவனிக்கலாம். மெட்ரோ நிலையத்துக்கு அருகிலுள்ள களத்தை முதலில் பார்க்க வேண்டும். வேலை நாளின் நண்பகலில் வாடகை குறைகிறதா என்று கேட்க வேண்டும். மழைக்காலத்தில் ஆட மேற்கூரை இருக்கிறதா, மட்டை வாடகைக்குக் கிடைக்குமா, முன்பதிவை நீக்கினால் பணம் திரும்புமா என்பதையும் விசாரிக்க வேண்டும். நால்வர் போதாது, ஆறேழு பேர் கொண்ட குழு இருந்தால் ஆட்டம் நிற்காது. அந்தக் குழுவே ஒருநாள் தன் வளாகத்தின் விளையாட்டுக் குழுவுக்கு விண்ணப்பம் எழுதினால், 200 சதுர மீட்டர் என்ற அளவை முதல் வரியிலேயே குறிப்பிட வேண்டும்.