மந்தம் என்றும் மறதி என்றும்

பணியினின்று ஓய்வு பெற்ற பின்னும் பழைய பழக்கம் விடாமல் இளைய பேச்சுப் பயிற்சியாளர்களின் அறிக்கைகளை வாசித்து வருகிறேன். மொழிக் குறைபாடுள்ள குழந்தையைப் பற்றி 'ஞாபகசக்தி போதாது' என்று ஒரே வரி எழுதிவிட்டு, அதற்குப் பரிகாரமாகக் கைப்பேசி விளையாட்டொன்றைத் தினம் அரைமணி நேரம் ஆடச் சொல்லியிருப்பதைக் காணும்போதெல்லாம் மனம் கசக்கிறது. எதைப் பற்றிய ஞாபகம், எவ்வளவு நேரத்துக்கான ஞாபகம் என்று பிரித்துக் காணாதவர் இத்தொழிலின் வாசற்படியைக்கூட மிதிக்கவில்லை என்பதே என் அபிப்பிராயம்.

என்னிடம் வந்த சிறுவன் ஒருவனுக்குச் செவியில் குறையில்லை, புத்தியிலும் குறையில்லை, முந்திய வருஷம் ஒரே முறை போய்வந்த கோயிலுக்குத் திருப்பம் தவறாமல் வழி சொல்லுவான். "இவனைப் போய் மறதிக்காரன் என்கிறார்களே, மேடம்!" என்று அவன் தாய் ஆற்றாமையோடு கேட்டது முற்றிலும் நியாயம். அவனை எதிரில் உட்கார்த்தி, பொருளற்ற சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லித் திருப்பிச் சொல்லக் கேட்டேன். 'தமூ' என்றேன், 'தமூ' என்றான். 'பிலோதே' என்றதைச் சற்றுத் தயங்கிச் சொன்னான். 'கமேதுலோ' என்றதும், என் உதடுகளையே உற்றுப் பார்த்திருந்தவன் 'கலோ' என்றான். முதல் அசையும் கடைசி அசையும் தங்கின, நடுவிலிருந்தவை நழுவிவிட்டன.

தெரிந்த சொல்லைத் திருப்பிச் சொல்லுகையில் அர்த்தம் கைகொடுக்கும்; பொருளற்ற சொல்லில் ஒலிவரிசையன்றி வேறு துணையில்லை. பிரிட்டனில் காதர்கோலும் பாட்லியும் 1990-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், சுமார் எட்டு வயதும் ஆறு வயதுக்குரிய மொழித்திறனும் கொண்ட குழந்தைகள் இச்சோதனையில் நான்கு வயதுக் குழந்தைகளின் நிலையிலேயே நின்றார்கள். 1996-இல் பிஷப்பும் அவருடைய சகாக்களும் இரட்டைக் குழந்தைகளைப் பரிசோதித்தபோது, மொழிக் குறை தீர்ந்துவிட்டதாகத் தோன்றிய பிள்ளைகளும் இதே இடத்தில் தடுமாறக் கண்டார்கள். குறை மேலுக்கு மறைந்த பின்னும் அடியில் இருப்பதைக் காட்டிக்கொடுக்கும் இந்தச் சோதனையை, பிள்ளைக்குச் சலிப்புத் தட்டுகிறதென்று பாதியில் நிறுத்துகிறவர்களை நான் மன்னித்ததில்லை.

கேட்டதைச் சற்று நேரம் மனத்தில் ஏந்த முடியாத இந்தக் குறையால் வரும் கஷ்டம் நம் பாஷையில் தனிப்பட்டது. "மாமா வாங்கிக் கொடுத்த புஸ்தகத்தை மேஜைமேல் வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வா" என்னும் ஏவலில், புஸ்தகத்தை என்ன செய்வதென்பது 'வைத்துவிட்டு' என்று வரும்வரை தெரியாது. யார் கொடுத்தது, எதை, எங்கே என்ற அனைத்தையும் அதுவரை மனத்தில் ஏந்தி நிற்கவேண்டும். ஏந்த முடியாத பிள்ளை கடைசியாகக் காதில் விழுந்த 'வா'வை மட்டும் பற்றிக்கொண்டு வெறுங்கையோடு ஓடிவருகிறது. வகுப்பிலோ அதற்கு 'அடங்காதவன்' என்ற பட்டம் கிடைக்கிறது. மணி அடிக்கும் சந்தடியில் வீட்டுப் பாடத்தை வாயால் சொல்லிவிட்டுப் போகும் ஆசிரியர், மறுநாள் அதே பிள்ளையை எழுப்பி நிற்க வைப்பதை எத்தனையோ பள்ளிகளில் பார்த்து வெதும்பியிருக்கிறேன்.

கைப்பேசி விளையாட்டால் அந்த விளையாட்டில் சாமர்த்தியம் வளருமேயொழிய மொழி வளராது. இவ்வகைப் பயிற்சிகளைப் பற்றிய ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்த மெல்பி-லெர்வாகும் ஹூமும் 2013-இல் ஏறக்குறைய இதையே நிரூபித்தார்கள். பலன் தருவது வேறு: நீண்ட ஏவலை இரண்டாக முறித்து இடையே நிறுத்திச் சொல்வது, சொன்னதைக் கண்ணாலும் காட்டுவது, புதுச் சொல்லைப் பிள்ளையின் காதில் ஓதிக்கொண்டேயிராமல் இடைவெளி விட்டு அதன் வாயிலிருந்தே வரவழைப்பது. கடைசியாகச் சொன்ன முறையினால் இக்குழந்தைகள் சொற்களை நன்றாகக் கற்கிறார்கள் என்று அமெரிக்காவில் லெனார்டின் குழுவினரும் காட்டியிருக்கிறார்கள்.

இவற்றுக்கு இயந்திரம் வேண்டாம், நிதானம் வேண்டும். சொல்லைக் கேட்டுவிட்டுப் பிள்ளை மௌனமாயிருக்கும் அந்தச் சில விநாடிகளில் தானே விடையைச் சொல்லிவிடாமல் வாயை மூடிக் காத்திருப்பதே எங்கள் வித்தையின் பெரும்பகுதி. பட்டம் பெற்று வரும் இக்காலத்து இளைஞர்களுக்கு அந்தக் காத்திருப்புத்தான் எல்லாவற்றினும் பாரமாக இருக்கிறது. பாரம் என்று நினைப்பவர்கள் தயவுசெய்து வேறு உத்தியோகம் தேடிக்கொள்ளட்டும், குழந்தைகளை விட்டுவிடட்டும்.