முப்பது வீதம்

கோழி மேய்த்தாலும் கவுண்மேந்தில் மேய்க்க வேண்டும் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொன்னதற்குக் காரணம் பென்சன். தனியார் கொம்பனி கூடுதலாகச் சம்பளம் தரலாம். ஆனால் வேலையை விட்ட பிறகும் மாதம் தவறாமல் வீட்டுக்குக் காசு வருவதும், குடும்பத் தலைவர் கண்மூடிய பிறகு மனைவிக்கு அது தொடர்வதும் அரச உத்தியோகத்தில்தான் இருந்தது. மலாயாவில் ரெயில்வேயிலும் கந்தோர்களிலும் வேலை பார்த்துத் திரும்பிய ‘மலாயன் பென்சனியர்’மார் யாழ்ப்பாணக் கிராமங்களில் பெற்ற மரியாதை அந்த மாதக் காசால் வந்தது. பள்ளிக்கூடத்துக்கு நன்கொடை, கோயில் திருப்பணி, மருமக்களின் படிப்புச் செலவு என்று எத்தனையோ காரியங்கள் அதில் நடந்தன.

அந்த வீடுகளின் பேரப்பிள்ளைகள் பலர் இன்று தனியார் துறையில் இருக்கிறார்கள். 2009இல் போர் முடிந்து ஏ9 வீதி திறந்ததும் கொழும்பில் தலைமையகம் வைத்திருந்த வங்கிகளும் காப்புறுதி நிறுவனங்களும் லீசிங் கொம்பனிகளும் பல்பொருள் அங்காடிகளும் வரிசையாக யாழ்ப்பாண நகருக்கு வந்தன. ஆஸ்பத்திரி வீதியிலும் ஸ்ரான்லி வீதியிலும் புதுப் பெயர்ப்பலகைகள் எழுந்தன. ஏ.எல். முடித்த பிள்ளைகள் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். அவர்களுக்குப் பென்சன் கிடையாது, ஈ.பி.எஃப். இலக்கம் கிடைத்தது. அப்போது வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு 2020ஐ ஒட்டிப் பத்து வருட சேவை நிறைந்தது. அந்தப் பத்து வருடம் ஒரு கதவைத் திறக்கிறது. அதைப் பற்றித்தான் இப்போது கல்யாண வீடுகளிலும் கதைக்கிறார்கள்: ‘முப்பது வீதம் எடுத்திட்டியோ?’

ஈ.பி.எஃப். எனப்படும் ஊழியர் சேமலாப நிதியம் 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. ஊழியர் சம்பளத்தில் 8 வீதம் கழிக்கப்படும். முதலாளி தன் பணத்திலிருந்து 12 வீதம் போட வேண்டும். தொழில் திணைக்களம் நிர்வகிக்க, மத்திய வங்கி காசைக் காக்கிறது. ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் முழுவதையும் எடுக்கலாம். அதற்கு முன்னர் எடுக்க வேண்டுமானால் நிரந்தரமாக வெளிநாடு போகவேண்டும், பென்சன் உள்ள அரச வேலைக்கு மாறவேண்டும், உடல் இயலாமல் போகவேண்டும், அல்லது பெண்ணாக இருந்தால் கல்யாணத்துக்காக வேலையை விடவேண்டும். வேலையில் இருந்துகொண்டே கைவைக்க நெடுங்காலம் வழி இருக்கவில்லை. 2012இல் சட்டத்தைத் திருத்தி, 2015இல் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். பத்து வருடத்துக்கு மேல் காசு கட்டியிருந்து, கணக்கில் குறைந்தது மூன்று இலட்சம் ரூபா இருந்தால், வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ மீதியில் 30 வீதம் எடுக்கலாம். உச்ச வரம்பு இருபது இலட்சம்.

இதற்கு முன்னமே இன்னொரு வழி இருந்தது. அதை ஏனோ குறைவாகவே பேசுகிறோம். 1988இலிருந்து, கணக்கில் உள்ள காசில் 75 வீதம் வரை பிணையாகக் காட்டி வங்கியில் வீட்டுக்கடன் எடுக்கலாம். கடனை ஒழுங்காகக் கட்டினால் சேமிப்பு அப்படியே இருக்கும். கட்டாமல் விட்டால் நிலுவையை மத்திய வங்கி அந்தக் கணக்கிலிருந்தே எடுத்துக் கடன் கொடுத்த வங்கிக்கு அனுப்பிவிடும். 55 வயதில் போய்ப் பார்த்தபோதுதான் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று அறிந்த குடும்பங்கள் உண்டு.

எங்கள் மச்சாள் ஒருத்தி கோண்டாவிலில் இருக்கிறாள். நகரத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. வீடு சுவர் எழும்பி, லிண்டல் மட்டத்தோடு நின்றது. கூரைக்குக் காசு இல்லை. முப்பது வீதத்துக்கு விண்ணப்பிக்க அவள் அடுக்கிவைத்த கடதாசிகளைப் பார்த்தேன். காணி உறுதி, பிரதேச சபை ஒப்புதல் கொடுத்த வீட்டுப் படம், மேசன் சொன்னதை வைத்து எழுதுவித்த செலவு மதிப்பீடு, அடையாள அட்டைப் பிரதி, கணக்கு மீதி காட்டும் தாள். உறுதியில் அவளுடைய பெயர் தமிழில் தகப்பன் பெயரோடு முழுதாக இருந்தது. அடையாள அட்டையில் தகப்பன் பெயருக்கு முதலெழுத்து மட்டும். நிறுவனம் பதிந்த ஈ.பி.எஃப். பெயரில் ஆங்கிலத்தில் ஓர் எழுத்து கூடிக் கிடந்தது. மூவரும் ஒரே ஆள் என்று காட்ட அவள் சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடித்தாள்.

“அண்ணை, என்ரை சம்பளத்திலை வெட்டின காசு. அதை எடுக்க என்ரை பேரை நானே நிரூபிக்க வேண்டிக் கிடக்கு,” என்றாள். அவள் கோபம் நியாயமானது. யாழ்ப்பாணத்தில் இது சின்னச் சிக்கலும் அல்ல. இடம்பெயர்வுகளில் உறுதிகள் தொலைந்தன. தேசவழமைச் சட்டப்படி வீடும் வளவும் பெரும்பாலும் சீதனமாகப் பெண் பெயரில் இருக்க, ஈ.பி.எஃப். புருசன் பெயரில் இருக்கிறது. பிரிக்காத முதுசக் காணியில் ஒரு பங்காளி கனடாவிலும் ஒருவர் ஜெர்மனியிலும் இருக்க, ஊரில் உள்ளவர் கையொப்பத்துக்கு அலைகிறார். கொழும்பில் வரையப்பட்ட விதியில் இந்தக் குடும்ப அமைப்புக்கு இடம் போதாது.

அவள் எடுத்தது சரி என்பதே என் முடிவு. காரணம் 2022இன் பொருளாதார நெருக்கடி. அந்த ஆண்டுக்கு நிதியம் கொடுத்த வட்டி 9 வீதம். செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 வீதம். 2021 தொடக்கத்தில் ஆயிரம் ரூபாவளவில் விற்ற சீமெந்து மூடை அடுத்த ஆண்டு நடுப்பகுதியில் மூவாயிரத்தைத் தொட்டது. நெருக்கடிக்கு முந்தி எடுத்துக் கூரை போட்டவர்களின் காசு கூரையாக நிற்கிறது. பத்திரமாக இருக்கட்டும் என்று விட்டவர்களின் காசு எண்ணிக்கையில் கூடியும் மதிப்பில் தேய்ந்தது. வீட்டுக்காக எடுப்பவரைப் பொறுப்பற்றவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

2023 ஜூலை முதலாம் திகதி உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பைப் பாராளுமன்றம் ஏற்றபோது இந்த நிதியம்தான் நடுவில் நின்றது. கையில் இருந்த திறைசேரி முறிகளை நீண்டகால முறிகளாக மாற்றாவிட்டால் அவற்றின் வருமானத்துக்கு 30 வீத வரி என்றார்கள், நிதியம் மாற்றியது. உறுப்பினருக்கு 9 வீதத்துக்குக் குறையாத வட்டி என்று உறுதி கூறப்பட்டது. தனியார் வங்கிகளின் முறிகளைத் தொடாமல் தொழிலாளியின் சேமிப்பைத் தொட்டது அநீதி. அதற்குப் பிறகு ‘எங்கட காசு கொழும்பிலை கிடக்க வேண்டாம், எடுக்கிறதை எடுப்பம்’ என்ற பேச்சு இங்கே வலுத்தது. 1990இலும் 1995இலும் கையில் கிடைத்ததோடு வீட்டை விட்டு ஓடிய சனத்துக்கு, கண்ணால் காணாத காசில் நம்பிக்கை குறைவாக இருப்பது இயல்பு.

ஆனால் அந்தப் பயத்தால் மட்டும் எடுக்கப்படும் காசு எங்கே போகிறது? கட்டாத வீட்டுக்கு மதிப்பீடு எழுதுவித்து, வந்த காசை மகனை அனுப்ப ஏஜென்சிக்காரனிடம் கொடுக்கிறார்கள். சாமத்தியச் சடங்குக்கு மண்டபமும் வீடியோவும் பிடிக்கிறார்கள். கூடிய வட்டி தருகிறோம் என்ற ஏதோ ஒரு நிதிக் கொம்பனியில் வைப்புச் செய்கிறார்கள். நாற்பது வயதில் கணக்கில் பதினைந்து இலட்சம் உள்ளவர் நாலரை இலட்சத்தை எடுக்கிறார் என்று வையுங்கள். அதை அங்கேயே விட்டு, ஆண்டுக்கு 9 வீதம் என்று கணக்குப் பார்த்தால் 55 வயதில் பதினாறு இலட்சத்துக்கு மேல். விலைவாசி அதில் ஒரு பங்கைத் தின்னும், உண்மை. மண்டபமும் வீடியோவும் அதில் ஒரு சதத்தையும் திருப்பித் தராது. போதாததற்கு இந்த நிதியம் மாதப் பென்சன் தருவதில்லை. ஒரே தடவையில் மொத்தக் காசாகக் கைக்கு வரும். அதுவே முதுமைக்கு இருக்கும் முழு ஆதாரம். முன்னரே உடைத்தால் மலாயன் பென்சனியரின் பேரன் எழுபது வயதில் பிள்ளைகளின் கையைப் பார்த்திருப்பான்.

லண்டனில் இருக்கும் நம் சனங்களுக்கும் இந்தக் கேள்வி வருகிறது. வேலையிடத்துப் பென்சனை வேறிடத்துக்கு மாற்றுவோமா என்று அங்கிருந்து கேட்கிறார்கள். அவர்களுக்கு 2017இல் வேல்ஸில் போர்ட் ரால்போட் உருக்காலைத் தொழிலாளருக்கு நடந்ததைச் சொல்வேன். அந்த ஆலையும் சேர்ந்திருந்த பென்சன் திட்டம் மாற்றியமைக்கப்பட்ட நேரம், பயமும் அவசரமும் சேர, ஏறக்குறைய எட்டாயிரம் பேர் வாழ்நாள் முழுவதும் உறுதியாக வரவேண்டிய பென்சனை விட்டு மொத்தக் காசை வெளியே மாற்றினார்கள். அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஆலோசனையில் பாதியளவு பொருத்தமற்றது என்று பிறகு பிரித்தானிய நிதிக் கட்டுப்பாட்டு அதிகாரசபையே கண்டது. ஆலோசனை சொன்னவர்களில் பலருக்கு, மாற்றம் நடந்தால்தான் கூலி.

நிதியத்தில் விட்ட காசைப் பற்றி யோசிக்க நம் ஊரிலும் ஓர் உதாரணம் உண்டு. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1950இல் தொடங்கி 1990இல் போரோடு நின்றது. ஆலை துருப்பிடித்தது, சுற்றியிருந்த வீடுகள் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டன. சட்டப்படி உறுப்பினரின் பெயரில் ஏறிய கணக்கு, முதலாளி இல்லாமற் போனாலும் அழிவதில்லை. ஆலையோடும் வீட்டோடும் அழியாத கணக்கில் ஏழையின் காசு இருந்ததும் ஒரு பாதுகாப்புத்தான். கொழும்பைத் திட்டும்போது இதையும் நினைக்க வேண்டும்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை, முப்பது வீதம் கணக்குப் பார்க்கவே வழியில்லாதவர்கள் பற்றியது. யாழ் நகரத்துப் புடைவைக் கடைகளிலும் நகைக்கடைகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் காலை தொடங்கி இரவு வரை நிற்கும் பெண்பிள்ளைகள் எத்தனையோ பேருக்கு ஈ.பி.எஃப். இலக்கமே இல்லை. ஒரேயொரு ஊழியர் இருந்தாலும், வேலைக்கு வந்த முதல் நாளிலிருந்தே முதலாளி கட்டவேண்டும் என்பது சட்டம். தன் 12 வீதத்தைப் பிள்ளையின் சம்பளத்திலிருந்து வெட்டவும் கூடாது. அடுத்த மாதம் முடிவதற்குள் கட்டாவிட்டால் 5 வீதத்திலிருந்து 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் விழும். தெரிந்த முதலாளி, சொந்தக்காரர், ஊர்க் கோயில் உபயகாரர் என்று வாயை மூடிக்கொண்டிருப்பதால் பத்து வருட உழைப்பு பதிவில்லாமலே போகிறது.

உங்கள் வீட்டில் யாராவது கடைக்கோ கொம்பனிக்கோ வேலைக்குப் போனால் இந்த மாதமே உறுப்பினர் இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். அடையாள அட்டையோடு தொழில் திணைக்களக் கந்தோருக்குப் போய், மாதாமாதம் காசு ஏறியிருக்கிறதா, பெயர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பிழை இருந்தால் வேலையில் இருக்கும்போதே திருத்துங்கள். எடுப்பதா விடுவதா என்ற பேச்சை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம்.