இரைச்சலும் குரலும்

உலகில் இரைச்சலற்ற இடமென ஒன்றில்லை. சந்தைக் கூச்சலின் நடுவே நின்றாலும் நம் செவி தான் வேண்டிய சொல்லை மட்டும் பிரித்தெடுத்துக்கொள்கின்றது. கருவிகளுக்கு அத்திறம் இல்லை. அவை தம்முட் புகுந்த யாவற்றையும் வேறுபாடின்றிப் பெருக்கித் தருவன. ஆதலின் ஒரு கருவியை மற்றொன்றோடு இணைக்குங்கால் எழும் இரைச்சலை ஆராய்ந்து களைதல் மனிதர் கடனாகின்றது. கணினியைத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்தல் இக்காலத்தில் சிறுவரும் செய்யும் எளிய காரியம். அதனிடத்தே யாம் கற்ற பாடமொன்றை நம் கல்லூரி அன்பர்களுக்குக் கூற விழைகின்றோம்.

போடிநாயக்கனூர் வட்டாரத்தில், மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தே உள்ளது பொட்டிபுரம். எம்முடன் பயிலும் நண்பரொருவரின் இல்லம் அங்குள்ளது. அவருடைய பாட்டனார் நெடுங்காலம் மலைமேல் ஏலத்தோட்டங்களில் உழைத்து மறைந்தவர். தோட்டத்து லயத்தில் இருந்த நாளில் அவர் பேசியது ஒரு நாடாவிற் பதிவாகியிருந்தது. நண்பர் அதனைக் கணினியில் ஏற்றி, குடும்பத்துப் புகைப்படங்களையும் உடன் சேர்த்து, பாட்டனாரின் நினைவு நாளில் உற்றார் யாவரும் காணுமாறு தொலைக்காட்சியில் ஓட்ட எண்ணினார். கணவர் குரலைப் பதினோராண்டுகளாய்க் கேளாதிருந்த அவருடைய அப்பத்தா முன்வரிசையில் அமர்ந்திருந்தார். உதவிக்கென அழைக்கப்பெற்று யாம் மூவர் சென்றிருந்தோம்.

பெட்டி பழையது. படத்திற்கு ஒரு வடமும் ஒலிக்கு மற்றொரு வடமுமாக இணைத்தோம். உடனே வண்டுக் கூட்டம் புகுந்தாற்போன்ற ஓர் உறுமல் எழுந்தது. திரையிலும் மங்கிய பட்டைகள் ஓடலாயின. பாட்டனார் குரலோ அவ்வுறுமலின் அடியில் அமிழ்ந்துபோயிற்று. ஒலியைக் கூட்டுமாறு ஒருவர் சொன்னார், கூட்டினோம். குரலோடு உறுமலும் ஒத்த அளவில் உயர்ந்தது. பதிவே பழுதென்றார் வேறொருவர். அவ்வையம் தீரக் கணினியிற் காதொலிப்பானை நேரே செருகிக் கேட்டோம். அங்கே உறுமல் சிறிதும் இல்லை. எனவே குற்றம் பதிவில் அன்று, இணைப்பிலே என்பது தெளிவாயிற்று.

இனிச் செய்யத்தக்கது, ஒருமுறைக்கு ஒன்றாக விலக்கிப் பார்த்தல். ஒருங்கே மூன்றை மாற்றினால் நோய் தீரினும் காரணம் தெரியாது. முதலில் மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கினோம். மின்கலத்தில் ஓடிய அளவில் உறுமல் நின்றது; பட்டைகளும் மறைந்தன. மீண்டும் சார்ஜரைச் செருகி, பெட்டியின் பின்னிருந்த கேபிள் டி.வி. வடத்தைக் கழற்றினோம். அப்போதும் உறுமல் நின்றது. இரண்டும் சேர்ந்திருக்கும்போது மட்டுமே அது தோன்றிற்று.

காரணம் இதுவாம். சார்ஜரின் பிளக்கு மூன்று முனை உடையது. அதன் எர்த்து வீட்டின் நிலத்தொடர்பை அடைகின்றது. கேபிள் வடத்தின் மேலுறையோ தெருவில் தொலைவிலுள்ள வேறொரு நிலத்தொடர்பைப் பற்றியுள்ளது. மண் ஒன்றேயாயினும் ஈரிடத்து மின்னழுத்தமும் ஒன்றாயிராது. இரு தொடர்புகளையும் எமது ஒலிவடம் இணைத்துவிடவே, அவற்றிடையே ஒரு வளையம் அமைந்தது. நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 முறை அலைவது. அவ்வலைவும் அதன் மடங்குகளும் வளையத்தில் ஓடி, குரலோடு கலந்து உறுமலாயின. சார்ஜரின் எர்த்து முனையை முறித்துவிட்டால் தீரும் என்றார் அருகிருந்தோர். உறுமல் ஒருவேளை தீரும். ஆயின் பழுதுற்ற நாளில் உயிரும் தீரலாம். எர்த்து உயிர்க்காவல், அதனை ஒருபோதும் நீக்கலாகாது. அன்றைய தேவைக்குக் கேபிள் வடத்தைக் கழற்றி வைத்தலே போதுமானதாயிற்று. இரண்டும் என்றும் ஒருங்கே வேண்டுவோர், கேபிள் வடத்திலோ ஒலிவடத்திலோ இடையே ஒரு தனிப்படுத்தும் மின்மாற்றியைப் பொருத்திக்கொள்ளலாம். புதிய பெட்டிகளில் எச்.டி.எம்.ஐ. வடம் படத்தையும் ஒலியையும் எண்களாகவே கடத்துவதால் இவ்வுறுமல் அவ்வழியே நுழைவதில்லை. ஆயினும் வடம் மிக நீளமாகவோ பழுதாகவோ இருப்பின் திரையிற் புள்ளிகள் மின்னுதலும், படம் அறுபடுதலும் உண்டு.

உறுமல் ஒழிந்தபின் பாட்டனார் குரல் தெளிவாகக் கேட்டது. எனினும் அதன் பின்னே இடையறாத ஒரு சலசலப்பு இருந்தது. இது பதிவிலேயே உள்ளது; கணினியின் உதவியால் குறைக்கலாகும். நண்பர் அதற்கு முற்பட்டார். அப்பத்தா கையுயர்த்தித் தடுத்தார்.

"அதை எடுத்துப்போடாதே அப்பு. அது மழை. தகரத்து மேலே பெய்யிற மழை. நாங்க இருந்த லயம் அது" என்றார்.

யாம் ஒன்றும் பேசவில்லை. நண்பரும் கணினியினின்றும் கையை எடுத்துவிட்டார். மழையோடே குரல் ஒலித்து முடிந்தது.

அறிவியல் வரலாற்றிலும் இத்தகைய மழை உண்டு. 1930-களின் தொடக்கத்தில் கடல்கடந்த வானொலித் தொலைபேசியைக் கெடுக்கும் இரைச்சலை ஆராய்ந்த கார்ல் ஜான்ஸ்கி என்பார், இடிமின்னலால் விளைந்தவற்றைக் கழித்த பின்னும் எஞ்சிய ஓர் ஒலி பால்வீதி மண்டலத்தினின்று வருதலை 1933-இல் வெளியிட்டார். வானொலி வானியல் அங்கே பிறந்தது. 1964-இல் பென்சியாசும் வில்சனும் தம் வானலைவாங்கியிற் கேட்ட நீங்கா இரைச்சலுக்குப் புறாக்களின் எச்சமே காரணமோ என ஐயுற்று அதனையும் துடைத்துப் பார்த்தனர். இரைச்சல் நீங்கவில்லை. அது பேரண்டத்தின் இளமைக்காலத்து வெப்பத்தின் எச்சமென்று பின்னர் அறியப்பட்டது. 1978-இல் அவர்கள் நோபெல் பரிசு பெற்றனர். களையத்தக்கன யாவும் களைந்தமையாலன்றோ, களையலாகாததன் பெருமை அவர்களுக்குப் புலப்பட்டது!

பொட்டிபுரத்தின் மேல் நிற்கும் மலைக்கும் இக்கதையில் ஒரு பங்குண்டு. நியூட்ரினோ என்னும் நுண்துகள் எதனையும் எளிதில் ஊடுருவுவது. அதன் தடம் மிக மெல்லியது. வானினின்று ஓயாது பொழியும் அண்டக்கதிர்கள் அத்தடத்தை மூடிவிடும். எனவே நாற்புறமும் ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத பாறை கவிந்த குகையில், ஏறத்தாழ 50,000 டன் இரும்பாலான கருவியை நிறுவ அறிஞர்கள் இம்மலையைத் தேர்ந்தனர். கோலார் தங்கவயலின் ஆழத்தில் 1965-இல் இத்தகைய துகளின் தடம் கண்ட நாடு நம்முடையது. மத்திய அமைச்சரவை 2015-இல் இத்திட்டத்திற்கு இசைவளித்தது. ஆயின் மலையை நம்பி வாழும் மக்கள் நீருக்கும் காட்டிற்கும் அஞ்சி எதிர்த்தனர். இப்பகுதி புலிகள் நடமாடும் வழியென்று கூறித் தமிழக அரசும் 2022-இல் உச்ச நீதிமன்றத்தில் மறுப்புரைத்தது. அறிஞர்க்கு இரைச்சலைத் தடுக்கும் சுவராகத் தோன்றிய மலை, அடிவாரத்தார்க்கு ஊற்றும் மேய்ச்சலுமாகத் தோன்றிற்று. இவ்விரு குரல்களுள் ஒன்றை வெற்றிரைச்சலென ஒதுக்குதல் எளிது, ஆராய்ச்சியாகாது.

மாணவ நண்பர்களே, கருவி இரையுங்கால் ஒலியைக் கூட்டற்க. எதனையும் முறித்தெறியற்க. ஒன்றன்பின் ஒன்றாக விலக்கி, இரைச்சல் நுழையும் வாயிலைக் காண்மின். கண்டவிடத்து அதனை அடைமின். அதன்பின்னும் எஞ்சுவது ஒன்றிருப்பின், அழிக்குமுன், அது யாருக்கேனும் மழையோ என்று ஒருமுறை கேண்மின்.