எழுபது புளியங்கொட்டை

மாசி, பங்குனி வந்தால் எங்கள் ஆண்டிபட்டிப் பக்கம் பல வீடுகளில் புளி தட்டும் வேலை நடக்கும். ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கொட்டையை எடுத்துவிட்டுப் பானையில் அடைத்தால் வருஷத்துக்கும் கவலையில்லை. எங்கள் வீட்டில் இன்னொரு வேலையும் உண்டு. ஒரே அளவாக, பருத்த கொட்டையாகப் பார்த்து எழுபது பொறுக்கி, கழுவிக் காயவைத்து, ஒரு டப்பாவில் போட்டு வைப்போம். எதற்கு என்கிறீர்களா? பல்லாங்குழி ஆடத்தான்!

"இந்தக் காலத்தில் பல்லாங்குழியா?" என்று சிரிக்காதீர்கள். என் மாமியார் விஷயத்தைக் கேட்டால் சிரிக்கமாட்டீர்கள்.

அத்தை சக்கம்பட்டியில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். சின்னப் பெண்ணாக இருக்கும்போதே ராட்டை முன்னால் உட்கார்ந்து தார் சுற்றப் பழகியவர். நூல் அறுந்தால் கண்ணை மூடிக்கொண்டே முடிபோடுவார். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு காலையில் அந்தக் கையிலிருந்து காப்பி டம்ளர் நழுவியது. வாய் ஒரு பக்கம் கோணி, பேச்சுக் குழறியது. என் கணவர் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஆட்டோவில் ஏற்றி க.விலக்கு அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போனார். பக்கவாதம் என்றார்கள்.

இதை எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முகம் கோணுவது, ஒரு கை தொய்வது, பேச்சுக் குழறுவது, இந்த மூன்றில் ஒன்று திடீரென்று வந்தாலும் கைவைத்தியம் பார்த்துக்கொண்டு உட்காரக்கூடாது. மூளை நரம்பில் ரத்தம் கட்டி அடைத்திருந்தால், அதைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

அத்தை பிழைத்தார், நடக்கவும் தொடங்கினார். ஆனால் வலதுகை விரல்கள் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. சோற்றைப் பிசைந்தால் பாதி தரையில் சிந்தும். அதற்கு வெட்கப்பட்டு, எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதையே நிறுத்திவிட்டார். பயிற்சி சொல்லிக்கொடுத்தவர், "சின்னச் சின்னப் பொருளை எடுத்து எடுத்துப் போடச் சொல்லுங்கம்மா" என்றார். ரப்பர் பந்து கொடுத்தேன். "என்னத்தா, என்னையக் கைக்கொழந்தை ஆக்கிட்டியா?" என்று ஓரமாக உருட்டிவிட்டார்.

பரணில் அவருடைய அம்மா வீட்டிலிருந்து வந்த பல்லாங்குழி இருந்தது. இரண்டாக மடிக்கிற மரக்கட்டை. துடைத்து எடுத்து, நாலாவது படிக்கிற என் மகளிடம் கொடுத்து, "அப்பத்தாகிட்டக் கத்துக்கோ" என்றேன். பேத்தி கேட்டால் மறுப்பாரா?

ஆட்டத்தைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பக்கத்துக்கு ஏழாகப் பதினாலு குழி. குழிக்கு 5 காய் வீதம் 70 காய். எதிரெதிரே இரண்டு பேர் உட்காரவேண்டும். உங்கள் பக்கத்துக் குழி ஏதாவது ஒன்றிலுள்ள காய்களை முழுவதும் அள்ளி, வலப்பக்கமாகக் குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே சுற்றி வாருங்கள். கைக்காய் தீர்ந்ததும் அடுத்த குழியில் இருப்பதை அள்ளி மேலே போங்கள். அடுத்த குழி காலியாக இருந்தால் அதை விரலால் துடைத்துவிட்டு, அதற்கும் அடுத்த குழியிலிருக்கும் காயை எடுத்துக்கொள்ளவேண்டும். அது உங்கள் சம்பாத்தியம். பிறகு எதிராளியின் முறை. இரண்டு குழி சேர்ந்தாற்போல் காலி என்றால் ஒன்றும் கிடையாது!

நடுவில் எந்தக் குழியிலாவது சரியாக 4 காய் சேர்ந்தால் அது 'பசு'. அந்தக் குழி யார் பக்கமோ அவர் உடனே எடுத்துக்கொள்ளலாம். கண் அசந்தால் போச்சு. ஆட வேண்டிய முறை வரும்போது ஒருவர் பக்கம் காயே இல்லையென்றால் ஆட்டம் முடிந்தது. மீதி எதிராளிக்கு.

ஒரு வேடிக்கை பாருங்கள். முதல் ஆட்டக்காரர் எந்தக் குழியில் ஆரம்பித்தாலும் 7 காய்தான் கிடைக்கும். கூடவும் கிடையாது, குறையவும் கிடையாது. என் மகள் ஏழு குழியிலும் ஆரம்பித்துப் பார்த்துவிட்டு இதைக் கண்டுபிடித்தாள். அந்த ஒரு முறைக்கே ஐந்து தடவை அள்ளி, 27 காயை ஒவ்வொன்றாகப் போடவேண்டும். விரலுக்கு இதைவிட வேறென்ன பயிற்சி வேண்டும்?

அத்தை முதலில் இடதுகையால்தான் ஆடினார். பேத்தி விடவில்லை. "அந்தக் கையால போட்டா கணக்குல சேராது, அப்பத்தா!" என்று சட்டம் போட்டாள். வலதுகையால் எடுத்தால் இரண்டு மூன்று சேர்ந்து விழும், உருண்டு ஓடும். ஒருமுறை ஆடி முடிக்க அரைமணி நேரம் ஆகும். குழந்தை காத்திருப்பாள். நான் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் அப்பத்தா பாவம் என்று என் மகள் நாலு காயை ஓசைப்படாமல் எதிர்க்குவியலில் தள்ளிவிட்டாள். அத்தை எண்ணிப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. "எனக்குப் பிச்சை போடுறியா? தோத்தா தோத்துட்டுப் போறேன். எடு உன் காயை!" என்றார். காய்ச்சலுக்குப் பிறகு பசி எடுத்தால் ஒரு சந்தோஷம் வருமே, அது மாதிரி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நோய் வந்த நாள்முதல் அத்தைக்கு அப்படி ரோஷம் வந்து நான் பார்த்ததில்லை.

அன்று அவரிடம் இருந்தது 28 காய், பேத்தியிடம் 42. மறு ஆட்டத்துக்குக் குழிக்கு ஐந்தாக நிரப்பினால் அத்தைக்கு ஐந்து குழிதான் நிரம்பும், 3 காய் கையில் மிஞ்சும். நிரம்பாத இரண்டு குழியில் ஈர்க்குச்சியைப் போட்டு மூடிவிட்டார்கள். மூடிய குழியில் யாரும் காய் போடமாட்டார்கள். ஆனால் அடுத்த ஆட்டத்தில் சம்பாதித்தால் குச்சியை எடுத்துவிட்டுக் குழியைத் திறக்கலாம். மறுநாள் சாயங்காலம் அத்தை ஒரு குழியைத் திறந்தார். இரண்டாவது திறக்க ஒரு வாரம் ஆயிற்று.

பல்லாங்குழி பக்கவாதத்துக்கு மருந்து என்று நான் சொல்லவில்லை. மாத்திரையும், ரத்தக்கொதிப்புச் சோதனையும், பயிற்சியும் ஒரு நாள் தவறாமல் நடந்தன. இன்றும் அவரால் ரவிக்கை ஊக்கு மாட்ட முடியாது. ஆனால் புளியங்கொட்டையை ஒவ்வொன்றாக எடுத்துவிடுகிறார். எங்களோடு உட்கார்ந்து தன் கையால் சாப்பிடுகிறார். இரண்டு பருக்கை சிந்தினால் அவரே துடைத்துக்கொள்கிறார்.

இது நம் ஊர் ஆட்டம் மட்டுமல்ல. ஆப்பிரிக்காவில் கானா நாட்டில் 'ஒவாரே' என்று ஆடுகிறார்கள். அங்கே 12 குழி, 48 காய். மலேசியாவில் 'சோங்காக்'. கஜகஸ்தான், கிர்கிஸ்தான், துருக்கி நாடுகளின் குழி ஆட்டங்களை 2020இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. இலங்கையில் சிங்களப் பெண்கள் புத்தாண்டில் குன்றிமணியை வைத்து 'ஒலிந்த' ஆடுவார்கள்.

குன்றிமணி என்றதும் ஒரு எச்சரிக்கை! பார்க்க அழகாக இருந்தாலும் அதற்குள் இருப்பது கொடிய விஷம். குழந்தை கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் ஆடப் புளியங்கொட்டையோ சோழியோ போதும். அவற்றையும் தவழும் குழந்தைக்கு எட்டாமல் வையுங்கள். மூக்கில் கொட்டை போய்விட்டால் ஊக்கு, குச்சி விட்டுக் குடையாதீர்கள். நேரே டாக்டரிடம் போங்கள். எங்கள் வீட்டில் ஆட்டம் முடிந்ததும் எழுபதையும் எண்ணித்தான் டப்பாவில் போடவேண்டும். பிள்ளைக்குக் கணக்கும் ஆயிற்று, குழந்தைக்குப் பாதுகாப்பும் ஆயிற்று.

பலகை இல்லையே என்று யோசிக்காதீர்கள். தரையில் சாக்பீஸால் 14 வட்டம் போட்டால் போதும். வீட்டில் ஓரமாக உட்கார்ந்திருக்கும் பெரியவர் யாராவது இருந்தால், அவரை எதிரே உட்காரவைத்து ஆடுங்கள். ஒன்று மட்டும்: வேண்டுமென்று தோற்காதீர்கள்!