காயமும் காலியிடமும்

தலைநகரில் குடியேறி வாழும் தமிழர் நால்வர் ஓரிடத்தில் கூடினால், ஊருக்குச் செல்ல இரயிலில் இடம் கிடைத்ததா என்பதில் தொடங்கி, நல்ல புழுங்கலரிசி எந்தக் கடையில் கிடைக்கும் என்பதைக் கடந்து, இந்திய கிரிக்கெட் அணியில் நம்மவர் எத்தனை பேர் என்பதில் பேச்சு வந்து நிற்கும். முதற்பொருளில் இரயில்வே எழுத்தர்களாகிய எங்களையே எல்லோரும் நாடுவர். இரண்டாவதில் எங்கள் இல்லத்தரசியர் கூறுவதே முடிந்த தீர்ப்பு. மூன்றாவதில் மட்டும் எவருடைய தீர்ப்பையும் எவரும் ஏற்பதில்லை.

2025ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள், தீபாவளிக்குப் பத்து நாட்களே இருந்த வேளையில், கோட்லா மைதானத்தில் மேற்கிந்தியத் தீவினருடன் டெஸ்ட் பந்தயம் தொடங்கவிருந்தது. 2019 முதல் அம்மைதானத்திற்கு அருண் ஜெட்லியின் பெயர் சூட்டப்பட்டிருப்பினும், ஆட்டோக்காரருக்கும் எங்களுக்கும் அது கோட்லாதான். அகமதாபாத்தில் நடந்த முதற்பந்தயம் 4ஆம் நாளன்று, மூன்றே நாட்களில், இன்னிங்ஸ் வெற்றியாக முடிந்துவிட்டமையால் வாதம் புரிவதற்கு எங்களுக்கு நிறையப் பொழுது கிடைத்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. இராமகிருஷ்ணபுரம் மலை மந்திரில் சுவாமிநாதனைத் தரிசித்துவிட்டு இறங்கிய படிகளிலேயே வழக்கு ஆரம்பமாயிற்று.

பதினைவர் கொண்ட அணியில் தமிழ்நாட்டார் மூவர். வாஷிங்டன் சுந்தரைப் பற்றி எங்களுக்குள் பிணக்கில்லை. 537 விக்கெட்டுகளுடன் 2024 டிசம்பரில் ஓய்வு பெற்ற அசுவின் விட்டுச்சென்ற வெற்றிடத்தில் இவரை வைத்துப் பார்த்து மனம் ஆறியிருந்தோம். சாய் சுதர்சன் செய்தியோ வேறு. லீட்ஸில் தொடங்கி அகமதாபாத் வரை ஏழு இன்னிங்ஸ்களில் அவர் எடுத்தவை 147 ரன்கள். அவற்றுள் மான்செஸ்டரில் எடுத்த 61 ஒன்றே சொல்லத்தக்கது. “மூன்றாம் இடம் பழகுவதற்குரிய இடமன்று, பழகியவனுக்குரிய இடம்” என்றார் திருச்சி நண்பர். “ஏழு முறை ஆடவிட்டு எட்டாம் முறை வெளியே அனுப்புவது, நாற்றைப் பிடுங்கி வேர் பிடித்ததா என்று பார்ப்பது போலாகும்” என்றார் தஞ்சை மாவட்டத்துக்காரர் ஒருவர். உழவு அறிந்தவர், மறுமொழி எழவில்லை.

மூன்றாமவர் கோயம்புத்தூர் ஜெகதீசன். விஜய் ஹசாரே போட்டியில் 2022 நவம்பரில் அருணாசலப் பிரதேசத்திற்கு எதிராக 277 ரன்கள் குவித்தவர். அத்தகைய ஒருநாள் பந்தயங்களில் அதுவரை உலகில் எவரும் எட்டாத எண்ணிக்கை அது. ஆயினும் அவர் அணிக்குள் வந்தது வேறொருவர் கால் முறிந்தமையால். 2025 ஜூலை 23ஆம் நாள் மான்செஸ்டரில் வோக்ஸ் வீசிய பந்து ரிஷப் பந்தின் வலப் பாதத்தில் விழுந்து எலும்பை முறித்தது. மறுநாள் அந்தக் காலோடு நொண்டியவாறே படியிறங்கி வந்து அவர் அரைச்சதத்தை நிறைவு செய்ததை நாங்கள் மறக்கவில்லை. அவருக்கு மாற்றாக ஜெகதீசன் இலண்டனுக்கு அழைக்கப்பட்டார். விக்கெட் காக்கும் பணியோ துருவ் ஜூரலுக்குச் சென்றது. அகமதாபாத்தில் ஜூரல் 125 ரன்கள் எடுத்தபோது, நாடே மகிழ்ந்திருக்க, எங்கள் கோவை நண்பர் ஒருவர் மட்டும் மகிழவும் மாட்டாமல் வருந்தவும் மாட்டாமல் தவித்தார். “ஜூரலை மட்டையாளராகவே வைத்துக்கொண்டு ஜெகதீசனிடம் கையுறையைக் கொடுத்தால் என்ன?” என்பது அவர் கட்சி. எங்கள் பிள்ளைகள் அதை ஒப்பவில்லை. தில்லியில் பிறந்து வளரும் அவர்களுக்குத் தில்லி அணியில் ஆடும் பந்தே நம்மவர். ஜெகதீசன் தந்தையரின் ஊர்க்காரர், அவ்வளவே.

எழுத்தர்களுக்கு ஆட்டத்தைப் பற்றி என்ன தெரியும் என்று எங்கள் துணைவியர் கேட்பதுண்டு. அப்போதெல்லாம், அதே கோட்லாவில் 2025 ஜனவரியில் நடந்த ரஞ்சிப் பந்தயத்தில், விராட் கோலியை 6 ரன்னில் ஸ்டம்பு தெறிக்க வெளியேற்றிய ஹிமான்ஷு சங்வான் எங்கள் இரயில்வே அணியைச் சேர்ந்தவர் என்பதை நினைவூட்டி வாயடைத்துவிடுவோம்.

மலை மந்திர்ப் படிகளில் எங்களோடு அமர்ந்திருந்த பெரியவர் எண்பதைக் கடந்தவர். பள்ளிப் பிள்ளையாகக் கரோல்பாகிற்கு வந்து இங்கேயே ஓய்வும் பெற்றவர். “இதெல்லாம் ஒரு வழக்கா? 1959இல் நடந்ததைக் கேளுங்கள்” என்றார். அப்போதும் வந்தவர்கள் மேற்கிந்தியத் தீவினரே. முதற்பந்தயத்தில் குலாம் அகமது ஆட இயலாமற்போகவே உம்ரிகர் தலைமை ஏற்றார். அடுத்த இரண்டில் குலாம் அகமது. பின்பு அவரும் ஓய்வு பெற்றார். சென்னைப் பந்தயத்திற்கு மீண்டும் உம்ரிகர் என்றார்கள். மஞ்சரேக்கர் காயமுற்று விலகவே, அந்த ஓரிடத்திற்கு மட்டையாளர் ஹர்திகரை உம்ரிகர் கேட்டார். வாரியத் தலைவரோ பந்துவீச்சாளர் ஜசு படேலே வேண்டும் என்றார். ஆட்டத்திற்கு முந்தைய இரவு உம்ரிகர் தலைமையைத் துறந்தார். விடிந்தபின் மன்கட் தலைவர். ஹர்திகரும் ஆடவில்லை, படேலும் ஆடவில்லை! நம் கிருபால் சிங் அப்பந்தயத்தில் அரைச்சதம் எடுத்தது ஒன்றே சென்னைக்கு ஆறுதல். பிப்ரவரியில் தில்லிக்கு வந்தபோது நான்காம் தலைவராக அதிகாரி. இங்கே போர்டே 109, 96 என அடித்துப் பந்தயத்தைச் சரிநிகராக்கினார்.

“அந்த ஜசு படேல் என்ன ஆனார், தாத்தா?” என்று ஒரு சிறுவன் கேட்டான். அதே 1959 டிசம்பரில் கான்பூரில் ஒரே இன்னிங்ஸில் 69 ரன்னுக்கு 9 விக்கெட்டுகள் சாய்த்து, ஆஸ்திரேலியாவை இந்தியா முதன்முறையாக வெல்லச் செய்தவர் அவரே என்று பெரியவர் சொன்னார். சிறுவன் உடனே, “அப்படியானால் வாரியத் தலைவர் சொன்னது சரிதானே?” என்றான். பெரியவர் சிரித்துவிட்டார்.

புதன்கிழமை மாலை வழக்கு கும்பகோணத்து நண்பரின் குவார்ட்டர்சில் தொடர்ந்தது. ஆகஸ்டு மழையில் படிக்கட்டில் வழுக்கி விழுந்து கணுக்கால் முறிந்த அவர், மாவுக்கட்டு பிரித்த பின்னரும் ஊன்றுகோலின்றி நடக்க மாட்டாமல் இருந்தார். ஆகவே நாங்களே அவரிடம் சென்றோம். அலுவலகத்தில் அவருடைய தலைமை எழுத்தர் இருக்கையைப் பொறுப்பாகப் பார்த்து வந்தவர் எங்களுள் ஒருவரான விருதுநகர் நண்பர். அவரும் வந்திருந்தார், வாரந்தோறும் தவறாமல் வருபவர்.

காப்பி வந்தது. கோவை நண்பர் தம் கட்சியை மறுபடியும் விரித்து, “பந்துக்கு இப்போது என்ன அவசரம்? நன்றாக எலும்பு கூடட்டும். ஆறு மாதம் ஆனாலும் ஆகட்டுமே” என்றார். சொற்கள் என்னவோ பரிவானவைதாம்.

கும்பகோணத்தார் சற்று நேரம் தம் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். “எலும்பு ஆறு வாரத்தில் கூடிவிடுகிறது, சார். நாம் இல்லாமலே வேலை நடக்கிறதே, அதை நினைத்தால்தான் இராத்திரி தூக்கம் வருவதில்லை” என்றார்.

அவர் எவரையும் குறித்துச் சொல்லவில்லை. ஆயினும் கூடத்தில் இருந்த ஒவ்வொருவரும் விருதுநகர் நண்பரைப் பாராமல் இருக்க முயன்றோம். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். “அண்ணாச்சி, நாற்காலியில் நீங்கள் போட்ட மெத்தையைக்கூட நான் மாற்றவில்லை. ஆனால் ஒன்று. பத்து வருடம் பட்டியலில் காத்திருப்பவனுக்கும் இராத்திரி உண்டு” என்றார். கும்பகோணத்தார் தலையசைத்தார். உள்ளிருந்து அம்மையார் முறுக்குத் தட்டை அனுப்பினார். பேச்சு ஆடுகளத்தின் தன்மைக்குத் திரும்பிற்று.

வெள்ளியன்று அணி மாற்றமின்றி இறங்கியது. ஜெகதீசன் வெளியே, சாய் உள்ளே. உணவு இடைவேளைகளிலும், மேலதிகாரி கூட்டத்திற்குச் சென்ற வேளைகளிலும் கைப்பேசியின் ஓசையை அடைத்துவிட்டுப் பார்த்தோம். ஜெய்ஸ்வால் 173 ரன்களோடு நாளை முடித்தார், சாய் 87. சதத்திற்குப் பதின்மூன்று குறைந்ததற்காகத் தஞ்சாவூரார் அன்றிரவு சரியாக உண்ணவில்லை என்று கேள்விப்பட்டோம்.

சனிக்கிழமை பிள்ளைகளோடு கோட்லா சென்றோம். ஜடேஜாவின் பந்தைக் கேம்பெல் ஓங்கி அடிக்க, மிக அருகில் நின்ற சாயின் மேல் அது மோதிச் சிக்கிக்கொண்டது. பிடித்துவிட்டார்! நாங்கள் எழுந்து ஆர்ப்பரித்து முடிப்பதற்குள் அவர் கையைப் பற்றிக்கொண்டு வலியில் துடிப்பது தெரிந்தது. பின்பு வெளியேறினார், ஞாயிறன்றும் களத்தில் காணோம். முன்னெச்சரிக்கைதான் என்று அறிவித்தார்கள். அவரை அணியிலிருந்து நீக்க வேண்டும் என்று ஐந்து நாட்கள் வாதாடிய திருச்சி நண்பரே அன்று மணிக்கொரு முறை கேட்டவர்: “எலும்பில் ஒன்றும் இல்லையே? எலும்பில் ஒன்றும் இல்லையே?” சாய் மீண்டும் இறங்கி 39 எடுத்தார், செவ்வாயன்று ஏழு விக்கெட் வித்தியாசத்தில் வெற்றி.

நவம்பரில் தென்னாப்பிரிக்கர் வந்தனர். பந்த் கால் தேறி வந்துவிட்டார்; ஜெகதீசன் பெயர் பட்டியலில் இல்லை. கொல்கத்தாவில் சாயை நிறுத்திவிட்டு மூன்றாம் இடத்தில் வாஷிங்டனை இறக்கினார்கள். நம்மவர் இடம் நம்மவருக்கே போனதால் யாரை நோவது என்று தெரியாமல் திகைத்தோம். அங்கே தலைவர் கில்லின் கழுத்து பிடித்துக்கொண்டது. 22ஆம் நாள் கௌகாத்தியில் பந்த் தலைவரானார். சாய்க்கு மீண்டும் இடம் கிடைத்தது. பந்தயம் 408 ரன் வித்தியாசத்தில் தோல்வியுற்றது என்பதை விரித்துரைக்க மனமில்லை.

அந்த வாரந்தான் கும்பகோணத்தார் கைத்தடி ஊன்றிப் பணிக்குத் திரும்பினார். மேசை துடைக்கப்பட்டுக் கோப்புகள் தேதிவாரியாக அடுக்கப்பட்டிருந்தன. மெத்தையும் அதே மெத்தைதான். விருதுநகர் நண்பர் சன்னலோரத்துத் தம் பழைய இடத்தில் இருந்தார். பதினொரு மணித் தேநீருக்கு இருவரும் சேர்ந்தே இறங்கினர். திரும்பி வருகையில் படிக்கட்டின் பாதியில் நின்று, மூன்றாம் இடத்தில் யார் ஆட வேண்டும் என்று இருவரும் உரக்கச் சண்டையிட்டுக்கொண்டிருந்தனர்.