முக்காலில் அரை போனா முழுசா மிச்சம்?

சின்னதா ஒரு டெஸ்ட், பாஸ்! முக்காலில் இருந்து அரையைக் கழிச்சா எவ்வளவு? 'இதெல்லாம் ஒரு கேள்வியா'ன்னு சிரிக்கிறீங்கதானே... சரி, அடுத்த கேள்வி. பின்னங்களைக் கழிக்கும்போது மீ.சி.ம. எடுக்கிறோமே, அது எதுக்கு? எப்படி எடுக்கணும்னு கேட்கலை. எதுக்கு? இப்ப முழிக்கிறீங்க பாருங்க, அதே முழிதான் நானும் முழிச்சேன். அதுவும் ஏழாம் கிளாஸ் வாண்டு ஒண்ணு முன்னாடி!

எனக்குப் பெரம்பலூர் பக்கம். 1995-ல் உருவான எங்க மாவட்டத்தில் இருந்து 2001-ல் அரியலூரைக் கழிச்சாங்க. 2002-ல் திரும்பவும் கூட்டினாங்க. 2007-ல் மறுபடி கழிச்சாங்க. அப்படிப்பட்ட ஊர்க்காரனுக்கே கழித்தல் சொல்லித் தர வரலைன்னா பாருங்களேன்!

கொரோனாவில் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தப்போ பிள்ளைகள் விட்ட பாடத்தை ஈடுகட்டுறதுக்காக, 2021 அக்டோபரில் தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி'யை ஆரம்பிச்சது. அதில் எங்க அக்கா ஒரு தன்னார்வலர். எங்க வீட்டுத் திண்ணைதான் வகுப்பறை. அக்கா கல்யாணமாகி அரியலூர் போன பிறகும், பழக்கதோஷத்தில் நாலஞ்சு பிள்ளைங்க சாயங்காலமானா நோட்டோட வந்துடுதுங்க. செமஸ்டர் லீவில் போன என்னைத் திண்ணையில் உட்கார வெச்சுட்டாங்க அம்மா. "இன்ஜினீயரிங் படிக்கிறே... இந்தக் கணக்கு தெரியாதா?"

தெரியும்னுதான் நானும் நினைச்சேன்.

ரெட்டைச் சடை போட்ட அந்த ஏழாம் கிளாஸ் பாப்பா 3/4 - 1/2 போட்டுக் காட்டுச்சு. மேலே மூணில் ஒண்ணு போக ரெண்டு. கீழே நாலில் ரெண்டு போக ரெண்டு. ரெண்டில் ரெண்டு, ஆக விடை ஒண்ணு! முக்கால் தோசையில் அரை தோசையைத் தின்ன பிறகு முழு தோசை மிச்சம். மணிமேகலையோட அமுதசுரபி தோத்தது போங்க!

"பகுதி வேற வேறயா இருந்தா மீ.சி.ம. எடுக்கணும்மா" என்றேன்.

"ஏண்ணே?"

"ஏன்னா... ரூல் அப்படி."

பேசாமல் எழுதிக்கிச்சு. மறுநாள் அதே கணக்கு, அதே தப்பு. நான் கொஞ்சம் குரலை உயர்த்த, தலையைக் குனிஞ்சுக்கிட்டே சொல்லுச்சு... "எனக்குக் கணக்கு வராதுண்ணே. பத்தாவதோட நின்னுக்கறேன்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன்."

சுருக்குன்னு இருந்தது. ஏன்னா, 'எனக்கு மேத்ஸ் வராது' என்பது என்னோட டயலாக் பாஸ்! எம்-1 அரியர் விழுந்தப்போ ஹாஸ்டலில் நான் பேசின வசனம். ரூலை மனப்பாடம் பண்ணியே இவ்வளவு தூரம் வந்த நான், அதே ரூலை அந்தப் பொண்ணு தலையிலும் கட்டப் பார்த்திருக்கேன்.

நோட்டை மூடச் சொன்னேன். சும்மா பேச்சுக் கொடுத்தேன். "உங்க அப்பாவுக்கு நிலம் எவ்வளவும்மா?"

"முக்கால் ஏக்கர் இருந்துச்சு. மக்காச்சோளம் போடுவோம். அக்கா கல்யாணத்துக்கு அரை ஏக்கரை வித்துட்டாங்கண்ணே."

"மிச்சம்?"

"25 சென்ட்டு."

யோசிக்கவே இல்லை! 75-ல் 50 போனா 25. அந்தக் கணக்கை அவங்க வீட்டில் எத்தனை ராத்திரி பேசியிருப்பாங்களோ... எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரலை. அப்புறம் மெதுவா கேட்டேன். "ஒரு ஏக்கர் 100 சென்ட்டு. அப்போ 25 சென்ட்டுன்னா?"

"கால் ஏக்க..." முடிக்கலை. நோட்டைத் திறந்து, ரெண்டில் ரெண்டை அடிச்சுட்டு 1/4-ன்னு எழுதுச்சு.

விஷயம் இவ்வளவுதாங்க! கால் துண்டுகளையும் அரைத் துண்டையும் அப்படியே கழிக்க முடியாது. ரெண்டையும் ஒரே அளவுத் துண்டாக்கணும். ஏக்கரைச் சென்ட்டாக்கின மாதிரி!

உள்ளே இருந்து கேட்டுக்கிட்டே வந்த அப்பாயி, படியையும் ஆழாக்கையும் கொண்டுவந்து வெச்சது. "முக்கால் படி அரிசியில அரைக்கால் படி எடுத்தா?" யாரும் வாயைத் திறக்கலை. "படிக்கு எட்டு ஆழாக்குடா. முக்கால் படின்னா ஆறு. அரைக்கால்னா ஒண்ணு. மிச்சம் அஞ்சு ஆழாக்கு!" எட்டில் அஞ்சு. பேனாவே தொடாமல் விடை சொல்லிட்டு உள்ளே போயிடுச்சு.

அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் இந்தக் கீழ்வாய் இலக்கத்தை ராகம் போட்டுப் படிப்பாங்களாம். காரி நாயனாரின் 'கணக்கதிகாரம்' இந்தக் கணக்குகளுக்குப் பேர்போன நூல். அதில் வர்ற அளவுகளில் ஒண்ணு, 320-ல் ஒரு பங்கு. பேரு முந்திரி. "அரியலூர் முந்திரியாண்ணே?"ன்னு ஒரு பொடியன் குறுக்கே விழுந்தான். ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் தோப்பு தோப்பா இருக்கே, அவன் என்ன பண்ணுவான்! கால் என்பது 80 முந்திரி. 20-ல் ஒரு பங்கான 'மா' 16 முந்திரி. காலில் ஒரு மா போனா 64 முந்திரி, அதாவது நாலு மா. மீ.சி.ம.வை முந்திரிக்குள்ளேயே ஒளிச்சு வெச்சிருக்காங்க நம்ம ஆளுங்க!

அடுத்து 2/3 - 1/4 கொடுத்தேன். பாப்பா நேரா சென்ட்டுக்குப் போச்சு. "100-ஐ மூணா பங்கு போட முடியலண்ணே." முந்திரிக்குத் தாவுச்சு. 320-ம் மூணுக்கு மசியலை. "மூணா பிரிச்சாலும் நாலா பிரிச்சாலும் மிச்சம் வராத நம்பர் வேணும்..." விரல் விட்டு எண்ணி, "பன்னெண்டு!" என்றது. நோட்டில் 12 கட்டம் போட்டோம். மூணில் ரெண்டு பங்குக்கு எட்டுக் கட்டம், கால் பங்குக்கு மூணு. மிச்சம் அஞ்சு கட்டம். 5/12.

"அந்தப் பன்னெண்டுக்குத்தான் மீ.சி.ம.ன்னு பேரு" என்றேன். "இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்லண்ணே?" என்று முறைச்சது பாருங்க ஒரு முறை!

லீவு முடிஞ்சு கிளம்பின அன்னிக்கு எட்டிப் பார்த்தேன். ஆறாம் கிளாஸ் பையன் ஒருத்தனுக்குப் பாப்பா கட்டம் போட்டுக் காட்டிக்கிட்டு இருந்தது. "சும்மா தலையை ஆட்டாதே. எதுக்கு இப்படிப் பண்றோம், சொல்லு?" பத்தாவதோட நிக்கிறதைப் பத்தி அது பேசலை. நானும் ஞாபகப்படுத்தலை.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் எம்-1 புஸ்தகத்தைப் பிரிச்சேன். முதல் ஃபார்முலா பக்கத்தில் பென்சிலால் ஒரு வார்த்தை எழுதினேன். 'ஏண்ணே?'

உங்க தெருவிலும் நோட்டைத் தூக்கிக்கிட்டு ஒரு வாண்டு சுத்தும் ஃப்ரெண்ட்ஸ். இந்த லீவில் கூப்பிட்டு உட்கார வெச்சுப் பாருங்க. யார் யாருக்குக் கத்துத் தர்றாங்கன்னு போகப் போகத் தெரியும்!