சத்திரத்து இருமல்

தை பிறந்து பத்து நாள் போனால் என் கிளினிக் வாசலில் அந்த இருமல் கேட்கத் தொடங்கிவிடும். பொங்கலுக்குச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போனவர்கள், நாயை ஏதாவது ஒரு காப்பகத்தில் விட்டுவிட்டுப் போயிருப்பார்கள். திரும்பிவந்து வீட்டுக்கு அழைத்துப்போன நாலைந்து நாளைக்கு நாய் நன்றாகத்தான் இருக்கும். பிறகு ஒரு விடியற்காலையில் கழுத்தை நீட்டி, முதுகை வளைத்து, வறட்டு இருமலாக இருமி, கடைசியில் ஓங்கரித்துக் கொஞ்சம் வெள்ளை நுரையைத் தரையில் கக்கும். வீட்டில் எல்லோரும் எழுந்து விளக்கைப் போட்டுப் பார்ப்பார்கள். எட்டு மணிக்கு என் முன்னால் வந்து நிற்கும்போது அநேகமாக எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: “தொண்டையில எலும்பு சிக்கிக்கிச்சு டாக்டர்.”

எலும்பு சிக்கிய நாய் எச்சில் வடிக்கும், முன்னங்காலால் வாயைப் பிறாண்டும், தண்ணீரை விழுங்கத் திணறும். இந்த நாய் அப்படியில்லை. மேசை டிராயரிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து நீட்டினால் வாலாட்டிக்கொண்டு தின்றுவிட்டு, அதன் பிறகு இருமும். அந்த ஒரு பிஸ்கட்டில் பாதி விஷயம் தெரிந்துவிடும். அடுத்து, கழுத்தின் நடுவே மூச்சுக்குழாயை இரண்டு விரலால் மெல்ல அமுக்கிப் பார்ப்பேன். வீங்கிய குழாய் என்றால் உடனே இருமல் வரிசையாகக் கிளம்பும். சில நாய்கள் என் மேசையில் ஏறியதும் பயத்தில் ஒரு தடவைகூட இருமாது. அதனால் ராத்திரி இருமும்போது செல்போனில் வீடியோ எடுத்துவரச் சொல்கிறேன். அரை நிமிட வீடியோ, அரை மணி நேரப் பரிசோதனையைவிடச் சில சமயம் அதிகம் சொல்லும்.

கல்லூரியில் இதைக் கெனல் காஃப் என்று படித்தேன். நாய்க்கூண்டு இருமல், கொட்டில் இருமல் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். யாருக்கும் மனதில் ஒட்டவில்லை. “குழந்தைக்குக் கக்குவான் வருமில்லையா, அதுமாதிரி நாய்க்கு” என்று சொன்ன பிறகுதான் முகத்தில் தெளிவு வந்தது. சொல்லுக்காக மட்டும் அந்த ஒப்பீடு இல்லை. 1906-ல் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜூல் போர்தே கக்குவான் இருமலின் பாக்டீரியாவைக் கண்டறிந்து வெளியிட்டார். அவர் பெயரில்தான் அந்தப் பேரினத்துக்கே போர்டெடெல்லா என்று பெயர். நாயை இருமவைக்கும் போர்டெடெல்லா பிராங்கிசெப்டிகா அதன் நெருங்கிய பங்காளி.

அது செய்யும் காரியத்தை டெல்டாக்காரர்களுக்கு விளக்குவது எனக்குச் சுலபம். மூச்சுக்குழாயின் உள்சுவர் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய முடிகள், காற்றில் சாயும் நாற்றைப் போல ஒரே திசையில் அசைந்துகொண்டே இருக்கும். அவற்றின் மேல் சளி ஒரு வாய்க்கால் நீர் போல ஓடி, உள்ளே புகுந்த தூசியையும் கிருமியையும் மேலே தொண்டைக்குக் கொண்டுவந்து தள்ளும். போர்டெடெல்லா அந்த முடிகளைப் பற்றிக்கொண்டு அசைவை நிறுத்திவிடுகிறது. வாய்க்கால் தூர்ந்துபோகிறது. ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பதற்கு முன்னால் தூர்வாராத வாய்க்காலில் என்ன நடக்கும் என்று இங்கே யாருக்கும் நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. தண்ணீர் ஓடாத இடத்தில் அழுக்கெல்லாம் தேங்கும். உடம்பு அதை வெளியே தள்ள எடுக்கும் கடைசி முயற்சிதான் இருமல்.

போர்டெடெல்லா மட்டும் தனியாக வருவது குறைவு. பாராஇன்ஃப்ளூயன்சா வைரஸ், இரண்டாம் வகை அடினோவைரஸ், மைக்கோபிளாஸ்மா என்று இரண்டு மூன்று சேர்ந்தே வரும். ஒன்று சுவரைப் புண்ணாக்கும், மற்றது அங்கே குடியேறும். அதனால்தான் இந்த நோய்க்குக் கிருமியின் பெயர் வைக்காமல் இடத்தின் பெயர் வைத்தார்கள் என்று நினைக்கிறேன். கடினமான கேஸ்களை நான் ஒரத்தநாட்டுக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவதுண்டு. 2012-ல் அது வந்தது எங்கள் மாவட்டத்துக்குப் பெரிய பலம். அந்த ஊரில்தான் இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தில் கட்டிய முத்தம்மாள் சத்திரம் இருக்கிறது. ராமேசுவரம் போகும் யாத்திரிகர்கள் தங்கிச் சாப்பிட்டுப் போன இடம். எத்தனையோ ஊர்க்காரர்கள் ஒரே கூரையின்கீழ் ஒரே காற்றைச் சுவாசித்துப் படுத்திருப்பார்கள். அந்தச் சத்திரத்தைப் பார்த்ததிலிருந்து என் மனதில் இந்த நோய்க்குச் சத்திரத்து இருமல் என்றே பெயர். காப்பகம், நாய்க்கண்காட்சி, விற்பனைக்குக் குட்டிகளை அடைத்துவைக்கும் கூண்டு, ஏன், என்னுடைய காத்திருப்பு அறையும்கூட ஒரு சத்திரம்தான்.

அது புரிந்த நாளிலிருந்து இருமும் நாயை நான் உள்ளே விடுவதில்லை. போனில் சொல்லிவிட்டு வரச் சொல்வேன். வாசலில் புங்க மரத்தடியில் ஆட்டோவிலேயே இருப்பார்கள்; நான் ஸ்டெதஸ்கோப்போடு அங்கே போவேன். பார்த்து முடித்துக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மேல்கோட்டை மாற்றிக்கொண்டுதான் அடுத்த நாயைத் தொடுவேன். முதலில் சிலர் வருத்தப்பட்டார்கள், தங்கள் நாயை ஒதுக்கிவைப்பதாக. உள்ளே தடுப்பூசிக்கு வந்திருக்கும் இரண்டு மாதக் குட்டியைக் காட்டிய பிறகு வருத்தம் போய்விட்டது.

சின்ன நாய்களில்தான் நான் அதிகம் தடுமாறியிருக்கிறேன். எங்கள் பக்கத்தில் வெள்ளை ஸ்பிட்ஸைப் பொமரேனியன் என்றுதான் சொல்வார்கள். தெருவுக்கு ஒன்றாவது இருக்கும். பக் இருக்கிறது, இப்போது ஷிட்சுவும் வந்துவிட்டது. இந்தச் சின்ன உடம்புகளுக்கு இருமுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. மூச்சுக்குழாயைத் திறந்து பிடித்திருக்கும் குருத்தெலும்பு வளையங்கள் வயதில் தளர்ந்து, குழாய் தட்டையாகிவிடும். அறுப்பு முடிந்த வயலில் மேயும் வாத்துக்கூட்டத்தில் ஒரு வாத்து மட்டும் கத்தினால் எப்படியோ அப்படி ஒரு சத்தம் வரும், உற்சாகத்தில் குதிக்கும்போதும் கழுத்துப் பட்டை இழுபடும்போதும். அந்த நாயும் விரலால் அமுக்கினால் இருமும். ஆகவே விரலை மட்டும் நம்பக் கூடாது. இன்னொன்று இதயம். பத்து வயது தாண்டிய சின்ன நாயின் இதய வால்வு தடித்துச் சரியாக மூடாமல் போவது சாதாரணம்.

கரந்தையிலிருந்து ஒரு அம்மா பதினோரு வயது ஜிம்மியைக் கொண்டுவந்தார். “ராத்திரியிலதான் தம்பி இருமுறான். பகல்ல நல்லாத்தான் இருக்கான்.” காப்பகத்துக்குப் போனதில்லை, வேறு நாயோடு பழக்கமில்லை, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. நெஞ்சில் காதை வைத்தால் இடப்பக்கம் லப்டப்புக்கு நடுவே காற்று ஊதுவதுபோல் ஒரு இரைச்சல். அது சத்திரத்து இருமல் இல்லை. அவரிடம் ஒரு வேலை கொடுத்தேன்: ஜிம்மி அயர்ந்து தூங்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணி எழுதுங்கள். 30-க்குள் இருந்தால் நல்லது. தினமும் கூடிக்கொண்டே போனால் ராத்திரி என்றாலும் கூப்பிடுங்கள். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி அவர் கொண்டுவந்த அந்தக் கணக்கை நான் இன்னும் வைத்திருக்கிறேன். 24, 26, 25, 31, 34. அந்த 31-ல்தான் மருந்தின் அளவை மாற்றினேன்.

நல்ல வயதில், தடுப்பூசி போட்ட, சாப்பிடுகிற, காய்ச்சல் இல்லாத நாய்க்கு வரும் சத்திரத்து இருமல் பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரத்தில் தானே போய்விடும். இதைச் சொல்வதுதான் எனக்குச் சிரமமான வேலை. “ஒரு ஊசி போட்டு அனுப்புங்க டாக்டர்” என்பார்கள். ஊசி போடாத டாக்டர் வைத்தியம் செய்யாத டாக்டர் என்பது மனிதருக்கும் மாட்டுக்கும் நாய்க்கும் பொதுவான நம்பிக்கை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் போட்டுக்கொண்டிருந்தேன். நாய்க்கும் பூனைக்கும் வரும் சுவாச நோய்களில் ஆன்டிபயாடிக்கை எப்படிப் பயன்படுத்துவது என்று 2017-ல் ஒரு சர்வதேச வழிகாட்டுதல் வந்தது. காய்ச்சலும் சோர்வும் இல்லாத நாயைப் பத்து நாள் வரை மருந்தில்லாமல் கவனிக்கலாம் என்றது. அதை அச்செடுத்து மேசைக் கண்ணாடியின்கீழ் வைத்திருக்கிறேன், மற்றவர்களுக்காக இல்லை, எனக்காக. கொடுத்தே ஆகவேண்டிய நாய்க்கு டாக்சிசைக்ளின் கொடுக்கிறேன். அதைப் பாலிலும் தயிர்சாதத்திலும் வைத்துக் கொடுக்க வேண்டாம், மருந்து உடம்பில் சரியாகச் சேராது. வெறும் வாயிலும் போட வேண்டாம், தொண்டைக்குக் கீழே ஒட்டிப் புண்ணாக்கும். வெறும் சாதத்தில் வைத்துக் கொடுத்து, பின்னாலேயே நாலு வாய் தண்ணீர்.

வீட்டு வைத்தியம் செய்யாதீர்கள் என்று பொதுவாகச் சொல்ல எனக்கு மனமில்லை. வளர்ந்த நாய்க்கு அரை ஸ்பூன் தேன் தொண்டைக்கு இதம். குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு அந்த ஆவியில் பத்து நிமிடம் உட்காரவைத்தால் சளி இளகும். பக் மாதிரி தட்டை மூக்கு நாயென்றால் மூச்சைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் சின்ன வெங்காயச் சாறு கூடாது. நம் பிள்ளைகளுக்கு இருமலுக்குக் கொடுத்ததுதான், ஆனாலும் வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். நெஞ்சில் தைலம் தேய்த்தால் நாய் நக்கும். கற்பூரம் அதற்கு விஷம். பெரியவர்களுடைய இருமல் டானிக்கும் வேண்டாம்: வலிமாத்திரை கலந்ததும் உண்டு, சர்க்கரைக்குப் பதில் சைலிட்டால் சேர்த்ததும் உண்டு, இரண்டும் சின்ன நாயைச் சாய்த்துவிடும்.

கழுத்து பெல்ட்டைக் கழற்றிவிட்டு பாடி பெல்ட் போடச் சொல்வேன். இழுபடும் ஒவ்வொரு தடவையும் புண்ணான குழாய் நசுங்குகிறது. தையில் அறுவடை மிஷின் ஓடும் வயலோரத்துக்கும், நெல் தூற்றும் கொள்முதல் நிலையத்துப் பக்கமும் வாக்கிங் வேண்டாம் என்பேன். சுணையும் பதர்த்தூசியும் இந்த நோயைக் கொண்டுவராது. ஆனால் இரண்டு வாரத்தில் முடிய வேண்டிய இருமலை இருபத்தைந்து நாளாக இழுக்கும்.

இதைவிட எனக்கு முக்கியமானது, எப்போது பயப்பட வேண்டும் என்பது. காய்ச்சல் 103 டிகிரியைத் தாண்டுவது, சாப்பாட்டை மறுப்பது, வறட்டு இருமல் ஈரமாவது, தூங்கும்போதும் மூச்சு வேகமாக ஓடுவது, மூக்கில் பச்சைச் சளி. கண்ணில் பீளை. கடைசியாகச் சொன்னதை நான் ஒரு தடவை கவனிக்கத் தவறினேன்.

தொழிலுக்கு வந்த மூன்றாவது வருடம். சந்தையில் கூடையில் வைத்து விற்ற குட்டி. ஒரு பள்ளிக்கூடப் பையன் சேர்த்துவைத்த காசில் வாங்கியிருந்தான். இருமல். விளையாடிக்கொண்டிருந்தது. கண் ஓரத்தில் கொஞ்சம் பீளை, வயிறு லேசாக இளகல். தடுப்பூசி போடவில்லை என்று அவனே சொன்னான். நான் சத்திரத்து இருமல் என்று சொல்லி, சரியாகிவிடும் என்று அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து அவன் அதைத் துண்டில் சுற்றித் தூக்கிவந்தபோது தாடை சூயிங்கம் மெல்வதுபோல் தானாக அசைந்துகொண்டிருந்தது. அது டிஸ்டெம்பர் என்ற நோய்; மூளைக்குப் போய்விட்டது. 1905-லேயே பிரான்சில் கார்ரே இது வைரஸ் என்று காட்டிவிட்டார். அதற்குப் பிறகும் 1910 வாக்கில் அமெரிக்காவில் ஃபெர்ரி, டிஸ்டெம்பர் வந்த நாய்களின் மூச்சுக்குழாயிலிருந்து போர்டெடெல்லாவைப் பிரித்து, நோய்க்கு அதுவே காரணம் என்று எண்ணினார். பெரியவர்களும் குழம்பியிருக்கிறார்கள் என்பது அந்தப் பையனிடம் சொல்லக்கூடிய பதில் இல்லை. முதல் நாளே தெரிந்திருந்தாலும் குட்டியைக் காப்பாற்றியிருப்பேன் என்று சொல்ல முடியாது. ஆனால் சரியாகிவிடும் என்று சொல்லியிருக்க மாட்டேன். இன்றுவரை தடுப்பூசி போடாத குட்டியின் இருமலுக்கு அந்தச் சொல்லை நான் பயன்படுத்துவதில்லை. நாலு நாளைக்கு ஒரு தடவை கொண்டுவந்து காட்டச் சொல்கிறேன்.

டிஸ்டெம்பருக்கு வருடாவருடம் போடும் கூட்டுத் தடுப்பூசியில் அடினோவைரஸுக்கும் பாராஇன்ஃப்ளூயன்சாவுக்கும் பாதுகாப்பு இருக்கிறது, போர்டெடெல்லாவுக்கு இல்லை. அதற்குத் தனி மருந்து, மூக்கில் சொட்டாக விடுவது. கிருமி நுழையும் வாசலிலேயே காவல் வைப்பதால், போர்டெடெல்லாவைப் பொறுத்தவரை மூன்று நாளில் வேலை செய்யத் தொடங்கும். ஒரு வருடம் நிற்கும். முழுசாகத் தடுத்துவிடும் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. வந்தாலும் லேசாக வரும். ஐஸ் பெட்டியில் வைத்து வரவழைக்க வேண்டும், வேண்டும்போது கிடைக்காது. அதனால் பொங்கலுக்கு எந்த நாய் எங்கே தங்கப் போகிறது என்று கார்த்திகையிலேயே ஒரு நோட்டில் எழுதத் தொடங்கிவிடுகிறேன்.

இருமல் நின்றதும் எல்லோரும் கேட்பது, இனிமேல் மற்ற நாயோடு விடலாமா என்பது. இருமல் நின்ற பிறகும் போர்டெடெல்லா வாரக்கணக்கில் மூக்கிலிருந்து வெளியேறிக்கொண்டிருக்கும், மூன்று மாதம் வரைகூட. போன தையில் மருத்துவக்கல்லூரி சாலையிலிருந்து வந்த தம்பதியிடம் இதைச் சொன்னேன். அவர்கள் வீட்டுப் பக்குக்கு இருமல் போய்ப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. மாசியில் ஒரு கல்யாணத்துக்காக அதே காப்பகத்தில் மறுபடியும் இடம் சொல்லிவைத்திருந்தார்கள். அந்த அம்மா உடனே அங்கேயே நின்று காப்பகத்துக்குப் போன் போட்டார். “எங்க வீட்டுது இருமிக்கிட்டிருந்துச்சுங்க. உங்ககிட்ட இருக்குற மத்த நாயையெல்லாம் ஒருதரம் பாத்துக்குங்க.” பிறகு என் பக்கம் திரும்பி, கல்யாணத்துக்கு அவர் மட்டும் போகட்டும், நான் இதோடு இருந்துகொள்கிறேன் என்றார். நான் நோட்டை எடுத்து, அடுத்த மார்கழிப் பக்கத்தில் பக்கின் பெயரை முதல் வரியில் எழுதினேன்.